இடப்பக்க வரிசை

பதவி வந்த அன்று கைக்கு வந்தவை
ஒன்பது சாவிகள், இரண்டு எதையும் திறக்காது;
சோளமாவு மூட்டைக் கணக்கேடு;
எலி கடித்த முத்திரைப் பெட்டி.
விடைபெற்ற தலைமையாசிரியர்
குதிரையில் ஏறியபின் நினைவு வந்தவராக,
"கூரையில் மூன்றாம் தகரம். ஜூலையில் கவனம்" என்றார்.
எனக்கு நடந்த பயிற்சி அவ்வளவுதான்.

மொக்கோட்லாங் மலையில் ஜூலை என்றால் பனி.
சுண்ணக்கட்டி பிடித்த விரல்
பிடித்தபடியே விறைக்கும்.
அந்த விரலோடு பதினான்கு வருடம்
ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொன்னவள் நான்.
பின்னம் என்றால் கௌஹெலோ டீச்சர்.
மதியச் சோளக்களியைத் தட்டில் வெட்டி
கால் எது, அரைக்கால் எது என்று கேட்பேன்.
பசித்த பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

அதனால் முதல் மாதம்
எந்த வகுப்பில் எந்தக் கணக்கு தடுக்கினாலும்
என் கால் தானாக உள்ளே போய்விடும்.
"இப்படிக் கொடுங்கள்" என்று சுண்ணக்கட்டியை வாங்குவேன்.
பிள்ளைகள் கைதட்டுவார்கள்.
வகுப்புக்கு உரியவர் ஜன்னலோரம் நின்று
தூரத்து ஆடுகளை எண்ணிக்கொண்டிருப்பார்.
ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன்.

மொட்லாட்சிதான் சொன்னார்,
போர்வை ஊக்கைச் சரிசெய்தபடி, முகம் பாராமல்:
"நீங்கள் வந்துபோனால், அம்மா,
பிள்ளைகள் என்னை மறுபடி வாத்தியாராகப் பார்க்க
அரைமணி நேரம் ஆகிறது."

முதலில் வந்தது கோபம்.
நன்றிகெட்டவன் என்று அடுப்பிடம் சொன்னேன்.
நியாயம் பிந்தித்தான் வந்தது,
ஈர வரட்டி பற்றுகிற மாதிரி,
புகைந்து, கண்ணைக் கரித்து.

மறுவாரம் வகுப்புகள் பக்கம் போகவில்லை.
மூன்றாம் தகரத்துக்கு ஆணி அடித்தேன்.
வராத நான்கு பையன்களைத் தேடி
மேய்ச்சல் சரிவில் ஏறினேன்.
"பகலில் பையன் ஆட்டுக்கு" என்றார் ஆட்டுக்காரர்,
"இருட்டியபின் யாருக்கு வேண்டுமானாலும்."

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன்.
என்ன செய்யலாம் என்று கேட்டேன்.
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
இந்த வாயை மூடுவது இருக்கிறதே,
நீள்வகுத்தலைவிடக் கடினம்.
பதில் என் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது.
விழுங்கினேன்.
கூரையில் பனி சறுக்குவது கேட்டது.
பிறகு போலெலோ,
மூன்று வருடமாய்க் கூட்டங்களில் இருமக்கூட இருமாத போலெலோ,
"திங்களும் புதனும் நான் எடுக்கிறேன்,
வீட்டில் ஒரு சூரிய விளக்கு சும்மா கிடக்கிறது" என்றாள்.
என்னிடம் இருந்த பதில்
இதில் பாதிகூடத் தேறாது.

அந்தத் தைரியத்தில்தான்
என் வகுப்புக்கு அவர்களை அழைத்தேன்.
கடைசி பெஞ்சில் ஐந்து பேர், முழங்கால் இடிக்க.
குறையை மட்டும் எழுதுங்கள் என்றேன்.
அரைக்கால் வெட்டும்போது கத்தி நடுங்கியது.

இரண்டு பேர் பாராட்டே எழுதியிருந்தார்கள்.
ஒருவர் வெற்றுத்தாள்.
மொட்லாட்சியின் தாளில் இவ்வளவே:
"நாற்பது நிமிடம்.
இடப்பக்க வரிசையைப் பார்த்தது ஒரே முறை,
அதுவும் வாசலில் குதிரை கனைத்தபோது."

ஜன்னல் வலப்பக்கம்.
வெளிச்சம் இருந்த பக்கமே
பதினான்கு வருடம் திரும்பி நின்றிருக்கிறேன்.
பழைய பதிவேடுகளைப் புரட்டினேன்.
யார் வந்தார், யார் வரவில்லை, எல்லாம் இருக்கிறது,
என் கையெழுத்தில், ஒரு பிழையில்லாமல்.
யார் இடப்பக்கம் உட்கார்ந்தார் என்று மட்டும் இல்லை.

இன்று காலை இடப்பக்கம் திரும்பினேன்.
மூன்றாம் பெஞ்ச், சுவரோரம், பலேசா.
"நீ சொல்லு" என்றேன்.
நான் வேறு யாரையோ கேட்கிறேன் என்று
அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.
பின்னால் சுவர்தான் இருந்தது.